ரைடிங் மோவர் ஸ்டார்ட் ஆகவில்லை: சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் நின்றுவிடுகிறது

கொலம்பஸ் வாசி:

வணக்கம். ஒஹாயோவில் கொலம்பஸுக்கு வெளியே முக்கால் ஏக்கர் மனையில் இருக்கிறோம். எங்களிடம் 42 அங்குல டெக்கும் (பிளேடு சுழலும் அடிப்பகுதி) 17.5 எச்.பி. ஒற்றை சிலிண்டர் இன்ஜினும் கொண்ட பழைய ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி) ஒன்று இருக்கிறது. நவம்பரில் கடைசியாகப் புல் வெட்டிவிட்டு ஷெட்டில் நிறுத்திய வண்டியை இந்த வாரம்தான் வெளியே எடுத்தேன். சாவியைத் திருப்பினால் சோலனாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) 'டக்' என்கிறது, இன்ஜின் அரைச் சுற்று சுற்றுகிறது, உடனே எதன்மீதோ முட்டியதுபோல நின்றுவிடுகிறது. சாவியை விட்டு மறுபடி திருப்பினால் எப்போதாவது அந்த இடத்தைத் தாண்டிப் போகும், பெரும்பாலும் போவதில்லை.

பேட்டரி சென்ற கோடையில் வாங்கியது. இரவு முழுவதும் சார்ஜ் போட்டுக் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது 12.7 வோல்ட் காட்டியது. முனைகளைச் சுரண்டித் துடைத்துவிட்டேன். ஸ்டார்ட்டர் போய்விட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சோலனாய்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்கிறார்கள் கடையில். இரண்டுக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால், எதைச் சோதித்தால் உறுதியாகத் தெரியும்? புல் இப்போதே கணுக்காலைத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு மழை பெய்தால் நகராட்சியிலிருந்து கடிதம் வந்துவிடும்.

சார்லட் பட்டறை:

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மட்டும் எழுதாமல், சாவியைத் திருப்பியபோது என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. சாவி திருப்பியும் எந்தச் சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், பிரேக் மிதியின் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் என்று அந்த வழியாகத் தேட வேண்டும். 'டக்டக்டக்' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியிலோ முனையிலோ கோளாறு என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம். இன்ஜின் தாராளமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது ஸ்பார்க். உங்களுடையது இவை எதிலும் சேராதது. அரைச் சுற்று சுற்றி நிற்கிறது என்றால், பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அமுக்கும் இடத்தில் ஸ்டார்ட்டர் தோற்றுப்போகிறது என்று பொருள். ஸ்டார்ட்டருக்குப் பலம் போதவில்லையா, அல்லது அது தள்ள வேண்டிய சுமை கூடிவிட்டதா என்பதுதான் கேள்வி. நீங்கள் வாங்கப்போகும் இரண்டு பாகங்களும் முதல் பாதிக்கான விடைகள் மட்டுமே.

எதையும் கழற்றுவதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், குளிர்காலம் முழுவதும் கார்புரேட்டரின் ஊசி வால்வு கசிந்து சிலிண்டருக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது என்பதால் இன்ஜின் அப்படியே சிக்கி நிற்கும். அந்த நிலையில் வலுக்கட்டாயமாகச் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம்.

ஆயில் சரியாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிளக் வயரைத் துளையிலிருந்து தள்ளி இன்ஜின் உலோகத்தோடு எர்த் செய்துவிடுங்கள்; துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சி அடிக்கும்போது பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. பிளக் இல்லாமல் இன்ஜின் எப்படிச் சுற்றுகிறது என்று எழுதுங்கள்.

மின்வாரியன் (நியூ ஜெர்சி):

பட்டறை அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் 12.7 வோல்ட்டைப் பார்த்துப் பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். சார்ஜரைக் கழற்றிய உடனே எந்தப் பேட்டரியும் அப்படித்தான் காட்டும். நல்ல பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்த பிறகும் 12.6-க்குக் கீழே போகாது, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அதைவிட முக்கியமானது சுமையில் எவ்வளவு நிற்கிறது என்பது. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மீட்டர் முனைகளைப் பேட்டரியின் இரு ஈய முனைகளிலும் நேராக அழுத்திப் பிடியுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மறந்துவிடலாம். மோவர் பேட்டரிகள் சிறியவை. கடும் குளிரில் சார்ஜ் இறங்கிய நிலையில் ஷெட்டில் விட்டால் உறைந்தே போகும். எனக்கென்னவோ, கொஞ்சம் பெரிய ஆம்பியர் உள்ள பேட்டரி போட்டால் எழுந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.

மார்க்கம் மாமா:

தம்பி, மீட்டர் கையில் இருக்கிறதுதானே, அப்படியானால் ஊகத்துக்கு இடம் வைக்க வேண்டாம். கனடாவில் முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மெசின்களைப் பாவிக்கிறேன். பழுதென்று பிள்ளைகள் கொண்டுவருகிற ஸ்டார்ட்டர்களில் அரைவாசி நல்ல ஸ்டார்ட்டர்கள்தான். மீட்டரின் சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ் முனையிலும், கறுப்பு முனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வைத்துக்கொண்டு திறப்பை (சாவியை) ஒருவரைக்கொண்டு திருப்புவியுங்கள். அந்தப் பாதையில் வோல்டேஜ் எவ்வளவு தொலைகிறது என்பதை மீட்டர் அப்போது சொல்லும். அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் கேபிளோ சோலனாய்டோ தின்கிறது. அதைப்போலவே பற்றரியின் மைனசுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் பாருங்கள், அங்கே 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது.

எர்த் வயர் சேசிசில் பூட்டியிருக்கிற போல்ட்டைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். மேலே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே பெயின்டுக்கும் வாஷருக்கும் நடுவில் துரு மாவாக இருக்கும். மூன்று முனைச் சோலனாய்டு என்றால் அதன் தகட்டுக் கால்தான் அதற்கு எர்த். அந்தக் கால் துருப்பிடித்தாலும் சோலனாய்டு ஒழுங்காகப் பிடிக்காது. நான்கு முனை என்றால் எர்த்துக்குத் தனி வயர் வரும்.

தோட்டக்காரி (ஆஸ்டின்):

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வண்டியில் சாவி திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஹெட்லைட் மட்டும் எரிகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது. இருக்கையில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துத்தான் திருப்புகிறேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம் என்றும், அதை நேரடியாக இணைத்துவிட்டால் போதும் என்றும் ஒரு வீடியோவில் காட்டினார்கள். செய்யலாமா?

மார்க்கம் மாமா:

தங்கச்சி, நேரடியாக இணைத்து அப்படியே ஓட்டுவதற்காக என்றால் வேண்டவே வேண்டாம். ஆள் சீட்டை விட்டு எழும்பினால் எஞ்சினை நிறுத்துவதற்காகத்தான் அது இருக்கிறது. பிளேடு சுழன்றுகொண்டிருக்கும்போது கீழே விழுந்தவரின் காலுக்கும் பிளேடுக்கும் இடையில் அந்தச் சின்னச் சுவிட்சைத் தவிர வேறொன்றும் இல்லை. வளவில் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற வீடென்றால் சொல்லவே தேவையில்லை.

இன்னொன்று, பெரும்பாலான மெசின்களில் ஸ்டார்ட்டர் சுற்றாமல் தடுப்பது சீட் சுவிட்ச் இல்லை. திறப்பிலிருந்து சோலனாய்டுக்குப் போகிற சின்ன வயர் பிரேக் மிதியின் சுவிட்சுக்குள்ளும் பிளேடு சுவிட்சுக்குள்ளும் நுழைந்துதான் வெளியே வருகிறது. ஆகையால் பிளேடு நெம்பை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, மிதியைக் கடைசிவரை மிதித்தபடி, சோலனாய்டின் சின்ன முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் சத்தம் இல்லை என்றால் சோலனாய்டோ அதன் எர்த்தோ பழுது. வரவில்லை என்றால் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். எலி கடித்த இடம் எங்கேயாவது அகப்படும்.

தோட்டக்காரி (ஆஸ்டின்):

அகப்பட்டது. எலி இல்லை, மிதிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சின் மீது போன வருடப் புல் காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. மிதித்தாலும் பொத்தான் முழுதாக உள்ளே போகவில்லை. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தவுடன் வேலை செய்கிறது. நன்றி மாமா.

கொலம்பஸ் வாசி:

நீங்கள் எல்லோரும் சொன்னபடி சோதித்துவிட்டேன். ஆயில் அளவு சரியாக இருக்கிறது, பெட்ரோல் வாடை இல்லை. சாவி திருப்பி இன்ஜின் முட்டி நிற்கும் நேரத்தில் பேட்டரி 10.3 வோல்ட் காட்டுகிறது. பிளஸ் பாதையில் 0.3, எர்த் பாதையில் 0.1 குறைகிறது. மாமா சொன்ன எர்த் போல்ட்டையும் கழற்றித் தேய்த்துவிட்டேன். அதனால் வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருப்பினால் இன்ஜின் மின்விசிறிபோலச் சுற்றுகிறது. பிளக்கை மாட்டினால் மறுபடியும் அதே அரைச் சுற்றுதான்.

சார்லட் பட்டறை:

அப்படியானால் உங்கள் பேட்டரி, கேபிள், சோலனாய்டு எல்லாம் நிரபராதிகள். ஸ்டார்ட்டர் மீதும் பெரிய சந்தேகம் வேண்டாம். மின்வாரியன் கேட்ட சுமைச் சோதனையிலும் பேட்டரி தேறிவிட்டது. மீதியிருப்பது டேப்பெட். அதாவது, வால்வுக்கும், அதைத் தள்ளித் திறக்கும் ராக்கர் என்ற சிறு நெம்புகோலுக்கும் இடையிலுள்ள இடைவெளி.

இவ்வளவு பெரிய ஒற்றை சிலிண்டரின் முழுக் கம்ப்ரஷனையும் எதிர்த்துச் சுற்றும் அளவுக்கு இந்தச் சிறிய ஸ்டார்ட்டர்களைச் செய்வதில்லை. அதற்குப் பதிலாக இன்ஜினுக்குள் கம்ப்ரஷன் ரிலீஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இடது கைப்பிடியில் இருந்த டீகம்ப்ரஸர் நெம்புகோல் நினைவிருக்கும். அதை அழுத்திக்கொண்டு கிக்கரை மிதித்தால் பிஸ்டன் எளிதாக உச்சியைத் தாண்டும். அங்கே கை செய்த வேலையை இங்கே, வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் தானாகவே செய்கிறது. கேமில் இருக்கும் ஒரு சிறு புடைப்பு, பிஸ்டன் ஏறும் நேரத்தில் ஒரு வால்வை மயிரிழை அளவு தூக்கிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிடுகிறது. சில இன்ஜின்களில் வேகம் பிடித்தவுடன் சுழற்சி விசையால் அந்தப் புடைப்பு உள்ளே மடங்கிக்கொள்ளும். வேறு சிலவற்றில் அது நிலையாகவே இருக்கும். வேகத்தில் அதனால் இழப்பு ஒன்றும் தெரியாது.

அந்தப் புடைப்பு தூக்குவது மிகச் சிறிய அளவுதான் என்பது இங்கே முக்கியம். ராக்கர் தேய்ந்தோ, அட்ஜஸ்ட் நட் தளர்ந்தோ, டேப்பெட் இடைவெளி கூடிவிட்டால், புடைப்பு தூக்கும் தூரம் முழுவதும் அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிவிடும். வால்வு அசையாது, காற்று வெளியேறாது, ஸ்டார்ட்டர் முழுக் கம்ப்ரஷனிலும் போய் மோதி நிற்கும். ஓடும் இன்ஜினில் இதன் அடையாளம் பெரிதாகத் தெரிவதில்லை. கொஞ்சம் 'டிக்டிக்' சத்தம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பலர் வண்டியையே விற்றுவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று எழுதி மலிவாக விற்பனைக்கு வரும் வண்டிகளை நான் விடாமல் போய்ப் பார்ப்பதற்கும் அதுவே காரணம்.

செய்முறையைச் சொல்கிறேன். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். வால்வு கவரைத் திறந்தால் இரண்டு ராக்கர்கள் தெரியும். கார்புரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக், சைலன்சர் பக்கம் இருப்பது எக்ஸாஸ்ட். பிளக் துளைக்குள் ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டு, ஃபிளைவீலை (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரத்தை) கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு வால்வுகளும் மூடியிருக்க, குச்சி உச்சிக்கு வந்து நிற்கும் இடம்தான் கம்ப்ரஷன் முனை. அங்கேயே அளக்காதீர்கள், அந்த இடத்தில் ரிலீஸ் புடைப்பு இன்னும் வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடும். குச்சி கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர், கீழே இறங்கும்வரை அதே திசையில் சுற்றிவிட்டு அளக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கால் அங்குலத்தில்தான்.

உங்கள் இன்ஜினின் மேல்மூடித் தகட்டில் மாடல் எண் குத்தியிருக்கும். அதற்குரிய கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. இந்த வகை 500 சிசி இன்ஜின்களில் பரவலாகச் சொல்லப்படும் அளவு இன்டேக்குக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம். ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) தகட்டை இடையில் விட்டு இழுத்தால் வெண்ணெயில் கத்தி போவதுபோல வழுக்கவும் கூடாது, சிக்கவும் கூடாது. லேசான பிடிப்பு கையில் தெரிய வேண்டும். நட்டின் நடுவில் பூட்டுத் திருகு இருந்தால் அதை முதலில் தளர்த்துங்கள், அளவு வைத்து இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு நகர்வது வழக்கம்.

மின்வாரியன் (நியூ ஜெர்சி):

விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி. அவசரத்துக்குக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பி, இந்த வாரப் புல்லை வெட்டிவிட்டு, டேப்பெட்டை நிதானமாகப் பார்த்துக்கொண்டால் என்ன?

சார்லட் பட்டறை:

காரும் 12 வோல்ட்தான் என்பதால் எழுந்துவிடலாம். கார் இன்ஜினை மட்டும் ஓட விடாதீர்கள். ஆனால் இந்த ஸ்டார்ட்டர்களில் பலவற்றின் முனைப் பல்சக்கரம் பிளாஸ்டிக். கூடுதல் பலத்தோடு அதை முழுக் கம்ப்ரஷனில் மோதவிட்டால் பற்கள் உதிரும். இன்று வரை நன்றாக இருக்கும் ஸ்டார்ட்டரை, கடைக்காரர் சொன்னபடி, நாளைக்கு உண்மையிலேயே மாற்ற வேண்டிவரும். டேப்பெட் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். புல் ஒரு மணி நேரம் காத்திருக்கும்.

கொலம்பஸ் வாசி:

அளந்தேன். இன்டேக்கில் 0.012 அங்குலத் தகடு தாராளமாக நுழைந்தது, எக்ஸாஸ்ட்டில் 0.009. இன்டேக்கை 0.004 ஆகவும் எக்ஸாஸ்ட்டை 0.006 ஆகவும் வைத்துவிட்டேன். அதே பேட்டரி, அதே ஸ்டார்ட்டர், பிளக் மாட்டியபடியே இன்ஜின் இப்போது தங்குதடையின்றிச் சுற்றுகிறது. மிக்க நன்றி அண்ணா.

ஆனால் பிடிக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு இருமல்கூட இல்லை. டேங்கில் இருப்பது நவம்பரில் ஊற்றிய பெட்ரோல்தான்.

சார்லட் பட்டறை:

நல்லது, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, புதிய பெட்ரோலை ஒரு சிறு மூடி அளவுக்குக் கார்புரேட்டர் வாயில் விட்டு, ஃபில்டரை மறுபடி மாட்டிய பிறகு சாவியைத் திருப்புங்கள். ஃபில்டர் இல்லாமல் திருப்ப வேண்டாம். பின்னடித்தால் தீ வெளியே வரும். ஓரிரு நொடி ஓடி நின்றால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வரவில்லை என்று பொருள். அதுவும் இல்லை என்றால் பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இக்னிஷன் காயிலிலிருந்து வரும் மெல்லிய நிறுத்து வயரைக் கழற்றிவிட்டு ஸ்பார்க்கைச் சோதியுங்கள். அந்த வயர் எங்காவது உரசி எர்த் ஆனாலும் ஸ்பார்க் வராது.

கொலம்பஸ் வாசி:

இரண்டு நொடி ஓடி நின்றது.

மார்க்கம் மாமா:

அப்படியென்றால் கார்புரேட்டர்தான். தம்பி, கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் வயர் போகிற தடித்த போல்ட் மாதிரி ஒன்று இருக்கிறதா? அது பெற்றோலை அடைக்கிற சோலனாய்டு. எஞ்சினை நிறுத்தும்போது சைலன்சரில் வெடிச் சத்தம் வராமல் இருக்க அதை வைக்கிறார்கள். திறப்பை ஓடும் நிலைக்குத் திருப்பிய உடனே அதில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். விரலை வைத்தாலும் தெரியும். சத்தம் இல்லையென்றால் ஊசி மூடியபடியே கிடக்கும், எவ்வளவு சுற்றினாலும் பெற்றோல் ஏறாது. புதிதாக வாங்குவதற்கு முன்னம் அதற்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

கொலம்பஸ் வாசி:

'டிக்' இல்லை. வயரின் இணைப்பியைக் கழற்றிப் பார்த்தேன். வயர் பக்கம் 12 வோல்ட் வருகிறது. ஆனால் இணைப்பிக்குள் இருந்த பித்தளை ஊசியில் பச்சையாகப் பூத்துப் பொரிந்திருந்தது. சிறு அரத்தால் தேய்த்து மாட்டியவுடன் 'டிக்' கேட்டது. கிண்ணத்தையும் இறக்கினேன், அடியில் வெள்ளை மாவுபோல ஒன்று படிந்து, மெயின் ஜெட்டின் துளை பாதி அடைத்திருந்தது. கிளீனர் அடித்து, கிட்டாரின் மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, புதிய பெட்ரோல் ஊற்றினேன். சோக் போட்டுத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. முன்வாசல் பக்கத்துப் புல் இப்போது வெட்டியாயிற்று.

தோட்டக்காரி (ஆஸ்டின்):

அந்த வெள்ளை மாவு எதனால் வருகிறது? பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றினால் போதுமா?

சார்லட் பட்டறை:

இங்கே பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் கார்புரேட்டரின் அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையையும் அரித்துவிட்ட பொடிதான் அது. 30 நாளுக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள். ஊற்றியதோடு விடாமல் சில நிமிடம் இன்ஜினை ஓட்டுங்கள், அப்போதுதான் மருந்து கலந்த பெட்ரோல் கிண்ணத்துக்குள் இறங்கும். எத்தனால் கலக்காத பெட்ரோல் பக்கத்தில் கிடைத்தால், சீசனின் கடைசி டேங்கை அதில் நிரப்புவது இன்னும் நல்லது. விலை மலிவாக இருக்கிறதே என்று 15 விழுக்காடு எத்தனால் உள்ளதை மட்டும் வாங்காதீர்கள். அது 2001 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய கார்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. மோவரில் ஊற்றுவது சட்டப்படியே கூடாது.

கொலம்பஸ் வாசி:

கடைசியாக ஒன்று. வால்வு கவரின் கீழ் மூலையில் ஆயில் லேசாகக் கசிகிறது. பழைய கேஸ்கெட்டையே (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் அடைப்பு) வைத்து மூடியிருந்தேன். போல்ட்டை இன்னும் இறுக்கலாமா?

மார்க்கம் மாமா:

இறுக்க வேண்டாம், தகட்டுக் கவர் வளைந்துவிடும். கவரைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் சுரண்டித் துடையுங்கள். புதுக் கேஸ்கெட் வாங்கி வையுங்கள். உங்கள் எஞ்சினுக்குக் கேஸ்கெட் இல்லாமல் சிலிக்கோன் பசைதான் என்று கையேட்டில் இருந்தால் அதை மெல்லிய கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாக இழுத்துவிடுங்கள். போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டுங்கள். பசை என்றால் ஒரு இரவு காய விட்டுவிட்டுத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். பின்வளவுப் புல்லை நாளைக்கு வெட்டலாம்.